காக்கைக்குத் தெரிந்த முகம்

உங்களில் யாரையும் நான் தெருவில் கண்டு சிரித்ததில்லை என்று உங்களுக்குள் ஒரு குறை இருக்கிறது. எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். பழைய மாணவிகள் கூடுகிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தியின் வாயிலிருந்து அது தேநீரோடு சேர்ந்து வந்துவிடுகிறது. "மார்க்கட் வாசல்ல, இந்தா, இவ்வளவு பக்கத்துல நிக்கிறேன். பாத்துட்டுப் பேசாமப் போறா. பெரிய ஆளாயிட்டாவாம்!" சொல்கிறவள் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருக்கிறது.

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். மழையைப் பற்றியும் மலையைப் பற்றியும் நான் எழுதி வாசித்துப் பழகியவர்கள் நீங்கள். இந்த முறை ஒரு காக்கையைப் பற்றி எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. மூட்டு வலியும் சர்க்கரையும் வாசலில் வந்து எட்டிப் பார்க்கிற இந்த வயதில், இதைச் சொல்லாமல் மடித்து வைத்திருக்க இனி எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.

நாம் படித்த நாளை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் படிக்கட்டில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டுவோம். ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே கழுத்துப் பட்டி, ஒரே இரட்டைப் பின்னல். உங்களுக்கு அது தோழிகளின் கூட்டம். எனக்குக் கொக்குக் கூட்டம். வயலில் இறங்கிய கொக்குகளில் எது அக்கா, எது தங்கை என்று உங்களால் சொல்ல முடியுமா? ஒருத்தியை அவளுடைய சப்பாத்து இழுபடுகிற சத்தத்தில் கண்டுபிடிப்பேன். ஒருத்தியை அவள் தலையில் வைக்கிற எண்ணெய் மணத்தில். ஒருத்திக்குச் சிரிக்கும்போது முதலில் மூக்கால் காற்று வரும், பிறகுதான் சத்தம். எல்லோரும் இப்படித்தான் ஆளை ஆள் கண்டுபிடிக்கிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன். நான் கொஞ்சம் மந்தம், அவ்வளவே என்று.

சொல்லப் போவது ஒரே ஒரு பருவம். சித்திரையில் குயில் கூவத் தொடங்கியதிலிருந்து, பெரஹரா ஊர்வலத்துக்கான யானைகள் கண்டி நகரத்துக்குள் வரத் தொடங்குகிற நாட்கள் வரை.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு மேலே, மலையைச் செதுக்கி இறக்கிய வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் ஓர் ஈரப்பலா மரம். வீட்டில் அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, நான். அம்மா குவைத்தில் இருந்தாள். எனக்குப் பால் பற்கள் விழுகிற வயதில் போனவள். அங்கே யாருடைய பிள்ளைகளுக்கோ சோறூட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கெசட் நாடாவில் பேசி அனுப்புவாள்; நாங்களும் பேசி, என் படத்தோடு அனுப்புவோம். அலுமாரிக்குள் அவளுடைய படம் ஒன்று இருந்தது. அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். நீலச் சேலை, ஒரு கதிரையின் முதுகு, அதன்மேல் ஒரு கை. கையையும் கதிரையையும் கண்ணை மூடினாலும் பார்க்க முடியும். சேலைக்கு மேலே இருந்தது மட்டும் படத்தை வைத்த அடுத்த நொடி அழிந்துவிடும், பலகையில் ஈரத்துணி பட்டதுபோல.

அப்பா பக்கத்து முஸ்லிம் வீட்டு வாப்பாவின் கடையில் வேலை செய்தார். ரயில் நிலையத்துக்கு எதிரே பலசரக்குக் கடை. பருப்பும் சீனியும் கட்டுகிற பழைய பேப்பரில் எங்கேயாவது அதிசயச் செய்தி கண்ணில் பட்டால் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒக்டோபஸுக்கு மூன்று இதயம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நமக்கு இருக்கிற அதே ஏழு எலும்பு. சோற்றைவிட இந்தத் துண்டுகளுக்குத்தான் நான் பசியோடு காத்திருப்பேன். "கடையில இருக்கிற குப்பையெல்லாம் இவ மண்டையில போடு. அதுதான் மனுசரப் பாத்து ஒரு வணக்கம் சொல்லத் தெரியல" என்பாள் அத்தை.

வணக்கம் சொல்லாததுதான் என் குற்றம். வெள்ளை அங்கியில் இருந்தால் பங்குத் தந்தையைக் கண்டுபிடித்துவிடுவேன். சாதாரணக் காற்சட்டையில் கடைக்கு வந்தால் அவர் எனக்கு யாரோ ஒரு மனிதர். சேலை மாற்றிய டீச்சர் புது டீச்சர். ஒரு நாள் மார்க்கட்டில் சாம்பல் நிறக் கோடு போட்ட சட்டையைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் நடந்தேன். என்னென்னவோ கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். "யார் வீட்டுப் புள்ள நீ?" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்ட பிறகுதான் அது அப்பா இல்லை என்று தெரிந்தது. அப்பா பின்னால் ஓடி வந்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். மூச்சு வாங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அத்தை என்னைக் கண் வைத்தியரிடம் கூட்டிப்போனாள். சுவரில் தொங்கிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தேன். கடைசி வரிக்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடியெழுத்தில் இருந்தது. அதையும் வாசித்தேன். வைத்தியர் சிரித்துவிட்டார். "கண் ரெண்டும் நல்லம் அம்மா. கழுகு மாதிரி."

அத்தை பஸ் நிறுத்தம் வரை என் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். பிறகு பெருமூச்சு விட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்போ திமிருதான்."

அந்தச் சித்திரையில்தான் அம்மாவின் கெசட் வந்தது. ஆடி மாதம் லீவில் வருகிறாள். ஆனால் அவள் வேலை செய்கிற வீட்டு மேடம் திரும்பி வரச் சொல்லித் தொல்லை பண்ணுகிறாள், இன்னும் பதில் சொல்லவில்லை, "வந்து புள்ளையப் பாத்துட்டு யோசிப்போம்" என்றாள். அப்பா அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருகிற அம்மாவைக் கூட்டிவர எங்கள் வரிசையில் ஒரு முறை இருந்தது. வேன் பிடித்து எல்லோரும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக வேண்டும். கதவு திறந்து அம்மா வெளியே வந்ததும், மூத்த பிள்ளை மாலையோடு ஓட வேண்டும். பெரியவர்கள் பிறகுதான். முந்திய வருடம் கீழ் வீட்டு அக்கா வந்தபோது அவளுடைய மகன் ஓடவில்லை. அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டுவிட்டான். அந்த வேன் வந்து நின்றதைப் பார்த்தேன். எல்லோரும் இறங்கிய பிறகும் அந்த அக்கா இறங்கவில்லை. போர்வைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அடுத்த மாதமே திரும்பிப் போய்விட்டாள்.

"நீயும் அங்க போயி முழிச்சிக்கிட்டு நில்லு. ஒங்கம்மா அடுத்த பிளேன்லயே திரும்பிப் போயிருவா" என்றாள் அத்தை. அவள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

இனிக் காக்கைக்கு வருகிறேன்.

அத்தை மாதா கோயில் பீடத்துத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுகிறவள். அது அவளுடைய பெருமை. ஈரப்பலா மரத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டிய கொடியில் அந்தத் துணிகள் காயும். அந்த வருடம் ஒரு காக்கை கொடிக்கு நேர் மேலே கூடு கட்டியது. குச்சியும் கம்பியும் எங்கள் சட்டை மாட்டியும் வைத்துக் கட்டிய கூடு. உயிர்த்த ஞாயிறு முடிந்து கழுவிப் போட்ட பெரிய பீடத் துணியின் நடுவில், சிலுவைத் தையலின்மேல், எச்சம் விழுந்தது. அத்தை கொடிக் கம்பை எடுத்தாள். ஒரே குத்து. கூடு சரிந்து, அதிலிருந்து ஒரு குஞ்சு வாழையடியில் விழுந்தது.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, இது காக்காக் குஞ்சு இல்ல. குயில் குஞ்சு."

"எந்தக் குஞ்சா இருந்தா என்ன? பீடத் துணி!"

குஞ்சு அப்பாவின் கையிலேயே அடங்கிவிட்டது. வாழையடியில் புதைத்தோம். தாய்க் காக்கை கூரையில் நின்று பார்த்தது. யாரையும் கொத்தவில்லை, கத்தவில்லை. அத்தையை மட்டும் பார்த்தது.

மறுநாள் காலையில் தொடங்கியது. அத்தை கொல்லைக் கதவைத் திறந்து தலையை நீட்டியதும் கறுப்பாக ஒன்று விழுந்து, உச்சியில் ஒன்று வைத்துவிட்டுப் போனது. தண்ணீர் பிடிக்கப் போனால் கொத்து. கடைக்குப் போனால் கொத்து. மாதா கோயிலுக்கு முக்காடு போட்டுப் போனாள். கோயில் வாசல் வரைக்கும் துரத்திப் போய்க் கொத்தியது. அதே முற்றத்தில் நானும் அப்பாவும் பக்கத்து வீட்டு உம்மாவும் நடமாடினோம். எங்களை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தை உச்சி வெயிலில் குடை பிடிக்கத் தொடங்கினாள். குடைக்குக் கீழே புகுந்து கொத்தியது.

"மாதாவுக்கு முன்னாலயே கொத்துது. சாத்தான்!"

"அல்லாவே, அதுக்கு ஒங்களோட என்ன கோவம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டு மகள் என் வயது. எனக்குத் தோழி என்று சொன்னால் அவள் ஒருத்திதான். அத்தையை மாமி என்று கூப்பிடுகிற அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "காக்கா ஒங்கட மாமியத் தேடுதா, மாமிட உடுப்பத் தேடுதா? பாப்பமா?"

அத்தை தூங்கிய மதியத்தில், அவளுடைய பூப்போட்ட வீட்டுச் சட்டையைத் தோழிக்குப் போட்டோம். குடையையும் கொடுத்தோம். அத்தையைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். காக்கை கூரையிலிருந்து குனிந்து பார்த்தது. இறகைக் கோதத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது சோதனையை அத்தையே செய்து வைத்தாள். மழை நாளில், இன்றைக்கு ஏமாற்றிவிடுகிறேன் என்று அப்பாவின் மழைக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு இறங்கினாள். கோட்டு அப்பா, தொப்பி அப்பா, பெரிய சப்பாத்தால் நடையும் மாறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் "அப்பா" என்று கூப்பிட்டுவிட்டேன். காக்கை தலையைச் சாய்த்தது. ஒரு கணம் கல்லாக நின்றது. பிறகு நேரே வந்து தொப்பியைத் தட்டிவிட்டுக் கொத்தியது.

நான் தோழியின் பக்கம் திரும்பினேன். "சட்டை இல்ல, நடை இல்ல, சத்தம் இல்ல. பிறகு எதைப் பாத்து இது அத்தைன்னு அதுக்குத் தெரிஞ்சிச்சு?"

தோழி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்க வேண்டும். "மொகத்தப் பாத்துத்தான்."

"மொகத்துல என்ன இருக்கு?"

"மொகத்துல மொகம்தான் ஈக்கி!"

"எல்லாருக்கும் மூக்கு, எல்லாருக்கும் வாய். அதுல எப்படிப் பிரிச்சு எடுப்பாங்க?"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வளையலைச் சுழற்றினாள். பிறகு கேட்டாள். "நான் வளையலக் கழட்டிட்டுப் பேசாம வந்து நின்டா, ஒனக்கு என்னத் தெரியாதா?"

அவள் அக்கா தங்கைகளோடு வரிசையாக நின்ற ஒரு பெருநாள் காலை எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு பேரும் ஒரே துணியில் தைத்த சட்டை. வளையல் ஒலிக்கும் வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"தெரியாது" என்றேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்கள் எல்லோருக்கும் வாசல் பூட்டுக்கு ஒரு திறப்பு கொடுத்திருக்கிறார்கள். காக்கைக்குக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே கேட்கும் இருமலை வைத்து, யார் வீடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அழுதேனா என்று நினைவில்லை. ஆத்திரம் வந்தது நினைவிருக்கிறது. அந்த ஆத்திரம் நல்லது. அதில்தான் நான் எழுந்து நின்றேன்.

அன்று சோறு போட்டபோது அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "முகம் தெரியாம ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா அப்பா?"

அப்பாவுக்கு அதிசயம் கேட்டால் போதும். "கண்டி ராசா காலத்துல அவரு சபைக்குப் போறவங்க தரையில விழுந்துதான் கும்பிடணும். நிமிந்து மூஞ்சியப் பாக்கப்படாது. அவரு ஆண்ட ஊர்ல பாதிப் பேருக்கு அவரு மொகமே தெரிஞ்சிருக்காது. கடைசி ராசாவ வெள்ளக்காரன் புடிச்சது எங்க தெரியுமா? ஒங்கம்மா ஊர்ப் பக்கம்தான். ஹுன்னஸ்கிரியவுக்கு அங்கிட்டு, மலையில, ஒரு வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தாரு."

"அப்போ நான் அந்தக் காலத்துல பொறந்திருந்தா ஒரு கரைச்சலும் இல்ல."

"ஏன்?"

"ஒண்ணுமில்ல."

இன்னொரு கேள்வியும் எனக்குள் கிடந்தது. மனித முகத்தை மழைக் கோட்டுக்குள்ளும் கண்டுபிடிக்கிற காக்கைக்கு, தன் கூட்டில் கிடந்தது குயிலின் குஞ்சு என்று ஏன் தெரியவில்லை? அப்பாவின் பேப்பர்த் துண்டுகளில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. முகம் தெரிந்தவர்களுக்கும் ஏதோ ஒன்று தெரியாமல் இருக்கிறது.

தீர்மானம் செய்தேன். கட்டுநாயக்கவில் நான் ஓடுவேன். சரியான ஆளிடம் ஓடுவேன். முகம் இல்லாமலே ஓடுவேன்.

முதல் ஏற்பாடு, கெசட். அம்மாவுக்குப் பதில் பேசி அனுப்ப வாப்பாவின் கடையிலிருந்து ரெக்கோடரை வாங்கி வந்தார்கள். அப்பா பேசினார், அத்தை காக்கையைப் பற்றி முறையிட்டாள். என் முறை வந்ததும், "அம்மா, வரும்போது அந்த நீலச் சேலையக் கட்டிட்டு வாங்க. படத்துல இருக்கிற சேலை. மறக்க வேணாம்" என்றேன். அத்தைக்கு உருகிவிட்டது. "பாரேன், சேலைய ஞாபகம் வச்சிருக்கா!" மறு கெசட்டில் அம்மாவின் பதில் வந்தது. "சரிடா தங்கம். அந்த நீலம்தான்."

ஆனாலும் நான் சேலையை நம்பவில்லை. பட்டுப் பட்டுப் படித்தவள் நான். மார்க்கட்டில் ஒரு சாம்பல் கோட்டுச் சட்டை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஏற்பாட்டைக் காக்கை காட்டித் தந்தது. கொல்லைப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்ட ஒன்றை என்னால் பார்க்க முடியும். கூரையில் எத்தனையோ காக்கைகள் தத்தித் தத்தி அசைந்துகொண்டிருக்கும். அத்தை வந்ததும் அது ஒன்று மட்டும் நின்றுவிடும். முதலில் தலை சாயும். பிறகு உடம்பெல்லாம் உறையும். கொத்துவது அதற்குப் பிறகுதான்.

மனிதர்களும் இப்படி நிற்பார்களா?

தோழியும் நானும் வாப்பாவின் கடைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் போய், எதிரே இருந்த ரயில் நிலையத்து வாசலில் உட்கார்ந்தோம். கொழும்பு ரயில் வரும். பெட்டியும் பையுமாகச் சனம் வெளியே வழியும். காத்திருக்கிறவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். நான் வருகிறவர்களின் நடையை மட்டும் பார்த்தேன்.

"அந்தத் தொப்பிக்காரர். இப்போ நிப்பாரு பாரு."

நின்றார். நடை ஒரு கணம் உடைந்தது, தலை சாய்ந்தது, பிறகு ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"யா அல்லா! எப்படிச் சொன்ன?"

"அவரு கண்டுட்டாரு. கண்டவங்க ஒருக்கா நிப்பாங்க."

"சில ஆள் நிக்காமப் போறாங்களே?"

"அவங்களுக்காக ஆரும் வரல்ல."

முதலில் நிறையத் தப்பினேன். சப்பாத்தில் கல் மாட்டி நின்றவரையும், டிக்கட்டைத் தேடி நின்றவரையும் கண்டு நின்றவர்கள் என்று எண்ணினேன். போகப் போகப் பிடிபட்டது. டிக்கட்டைத் தேடுகிறவரின் தலை கீழே போகும். ஆளைக் கண்டவரின் தலை பக்கவாட்டில் சாயும். தோழி ரோட்டுக் கல்லை எடுத்து ஒரு பக்கம் சரியும் ஒரு பக்கம் பிழையும் கோடு போட்டாள். சரியின் பக்கம் நீண்டுகொண்டே போனது. கடைக் கல்லாவிலிருந்து வாப்பா, "ரெண்டு பேருக்கும் ரயில்ல வேல கெடச்சிட்டுதா?" என்று கத்துவார். நாங்கள் அசையவில்லை.

ஆடி பிறந்தது. நகரத்துக்குள் யானைகள் வரத் தொடங்கின. வாவிக் கரையில் நடக்கும்போது யானைச் சாணமும் நசுங்கிய கித்துள் ஓலையும் மணத்தன. ஒரு விடிகாலையில் வேன் வந்து நின்றது. அத்தை தானே கட்டிய ரோசா மாலையை ஈரத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். வாசலில் இருந்து வேன் கதவு வரை காக்கை அவளை ஓட வைத்தது. கதவை அடைத்த பிறகும் கூரையில் ஒரு தட்டு தட்டியது.

வேன் கடுகண்ணாவை மலை வளைவுகளில் இறங்கியது. கஜுகமவில் முந்திரிப் பருப்பு விற்கிற பெண்கள், பளிச்சென்ற பாவாடைகளில், ரோட்டோரம் நின்று எங்களைத் தெரிந்தவர்கள்போலச் சிரித்துச் சிரித்துக் கையசைத்தார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை, அதாவது, கண்டவர்கள் நிற்பதுபோல் உறையவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கையசைப்பு. எனக்குத் தைரியம் வந்தது. பாடம் சரிதான்.

விமான நிலையத்தில் இரும்புத் தடுப்புக்கு வெளியே சனம் நெரிந்தது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிரும் அத்தரும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த மணம் வந்து முகத்தில் மோதும். பெண்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். கயிறு கட்டிய பெட்டிகள், புலிப் படம் போட்ட போர்வைகள், தங்கம் போட்ட கைகள். அவர்களில் எத்தனை நீலச் சேலைகள்! குவைத்தில் நீலத்தைத் தவிர வேறு நிறமே விற்பதில்லைபோல.

"இந்தா வாறா! நீலம்!" என்று அத்தை என் தோளைத் தள்ளினாள்.

நீலம் நிற்காமல் நடந்தது.

"இல்ல" என்றேன்.

"அந்தா, அந்த நீலம்! போ, ஓடு!"

"அது இல்ல அத்தை."

அப்பாவும் நுனிக்காலில் நின்று நீலங்களைத் துழாவிக்கொண்டிருந்தார். வேடிக்கையைப் பாருங்கள். முகம் தெரிந்த இரண்டு பேரும் நான் சொன்ன சேலையைத் தேடினார்கள். முகம் தெரியாத நான் சேலையை விட்டுவிட்டேன். மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தடுப்பின் கம்பிக்கு இடையே முகத்தை வைத்தேன். பார்க்க அல்ல. பார்க்கப்பட. என் முகம் என்னவோ எனக்குத் தெரியாது, ஆனால் அதைத் தெரிந்த ஒருத்தி அந்தக் கதவால் வருவாள். நான் செய்ய வேண்டியது, அது அவளுக்குத் தெரிகிற இடத்தில் அதை வைப்பது மட்டும்தான்.

கதவு திறந்தது. ஒரு கூட்டம் தள்ளுவண்டிகளோடு இறங்கியது. நடுவில் மண்ணிற உடுப்பில், தலைமுடியைக் குட்டையாக வெட்டிய, மெலிந்த ஒரு பெண். அவளுடைய வண்டி நின்றது. பின்னால் வந்தவரின் வண்டி அவள் குதிகாலில் மோதியது. அவர் சிங்களத்தில் ஏசினார். அவள் திரும்பவில்லை. கூட்டமெல்லாம் அவளைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அசையவில்லை.

என்னைப் பார்த்தபடி தலை சாய்ந்தது.

நான் தடுப்புக்குக் கீழே புகுந்துவிட்டேன்.

"ஏய்! அது அவ இல்லடி! நீலச் சேல இல்ல! ஏய், திரும்பி வாடி!" அத்தையின் குரல் கூரையில் எதிரொலித்தது. ஒரு காவல்காரர் கையை நீட்டினார். குனிந்து ஓடினேன். அந்த மண்ணிற உடுப்பில் போய் மோதினேன். அதில் அம்மாவின் மணம் இல்லை. ஏதோ வெளிநாட்டுச் சவர்க்காரம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அடியில்லாத கிணற்றில் விழுந்தேன். பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"எந்தங்கம்... எப்படிடா கண்டுபுடிச்ச? கண்ணாடியில பாத்தா எனக்கே என்னத் தெரியலயே!"

"நீங்க நின்னீங்க" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய நேரமும் அது இல்லை. மாலை எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது. விமானத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளை நீலச் சேலையில் வாந்தி எடுத்துவிட்டதாம். மேடம் கொடுத்த உடுப்பை மாற்றிக்கொண்டு, மகள் நீலத்தைத் தேடி ஏமாறப்போகிறாளே என்று கதவு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாளாம்.

அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பாத்தீங்களா? எங்க ஆளுங்களுக்கே அடையாளம் தெரியல. பெத்த தாய் ரத்தம்! அதுவா இழுத்துட்டுப் போச்சு!"

ரத்தம் இல்லை. ரயில் நிலையம். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்ற தீர்ப்பை அவளே கிழித்துப் போடுகிறாள். அதற்குப் பதிலாக வேறொரு பிழையான தீர்ப்பை எழுதிக்கொள்ளட்டும்.

வீட்டு வாசலில் வேன் நின்றபோது காக்கை கூரையில் இருந்தது. ஒவ்வொருவராக இறங்க இறங்கப் பார்த்தது. அப்பாவை விட்டது. என்னை விட்டது. அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அவளையும் விட்டது. கடைசியில், ஆளோடு ஆளாகக் குனிந்து இறங்கிய அத்தையைக் கண்டது, தலையைச் சாய்த்தது, நின்றது, பாய்ந்தது. அத்தை "ஐயோ மாதாவே!" என்று புலிப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, வாசல் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் வைக்கிற வயது எனக்குத் தாண்டியிருந்தது. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "மேடத்துக்கு ஒரு கெசட் பேசி அனுப்பணும். நான் வரலன்னு."

அம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் அறைக்குள் வரும்போது வாசலில் ஒரு கணம் நின்று, "அம்மாதான்" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். நான் அவளுக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இதற்கு ஒரு நீண்ட ஆங்கிலப் பெயர் இருக்கிறது என்பதை, நரை கண்ட பிறகு, ஒரு வைத்தியசாலைக் காத்திருப்பு அறையில் என் மகள் தன் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். பிறவியிலேயே சிலருக்கு மூளையில் முகம் தங்குவதில்லையாம். கண்ணில் பழுதில்லை, புத்தியில் பழுதில்லை, மனசிலும் பழுதில்லை. செம்மறியாடுகூடத் தன் மந்தையின் முகங்களை வருடக்கணக்காக நினைவில் வைத்திருக்கிறதாம். குளவியில் ஒரு சாதி முகத்தைப் பார்த்தே ஒன்றையொன்று அறியுமாம். காக்கை தனக்குக் கெடுதி செய்தவரின் முகத்தை மற்றக் காக்கைகளுக்கும் காட்டிக் கொடுக்குமாம். மகள் வாசிக்க வாசிக்க அத்தையை நினைத்துக்கொண்டேன். அந்தக் காக்கை போன பிறகும் அவளை வேறு காக்கைகள் துரத்தின. அவள் சாகும்வரை குடையோடுதான் கொல்லைக்குப் போனாள்.

ஆக, பெண்களே, விஷயம் இதுதான். அடுத்த மாதம் கூட்டத்துக்கு நான் வருவேன். இனி உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லமாட்டேன். நீங்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலை கட்டுவதாக முடிவு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டுங்கள், பயமில்லை. மண்டபத்து வாசலில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், என் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்.

என்னைக் கண்டதும் ஒரு கணம் நில்லுங்கள். ஓடி வருவது என் வேலை.